வேலைக்கு வா... ஊரில் தங்காதே!

கரும்பு வெட்ட ஆள் பிடித்துக் கொண்டுவந்தது ஓர் அரசு. அந்த வெட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகளைக் கம்பி வண்டியில் ஏற்றி அனுப்புவதும் அதே அரசுதான். டொமினிக்கன் குடியரசில் ஹைட்டி மக்களின் நூறாண்டுக் கதை.

திங்களும் வெள்ளியும் டொமினிக்கன் எல்லை நகரமான தஹபோனுக்குச் சந்தை நாள். காலையில் எல்லைப் பாலத்தின் இரும்புக் கதவு திறந்ததும், ஹைட்டிப் பக்கம் காத்துக் கிடந்த கூட்டம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே பாயும். பெரும்பாலும் பெண்கள். தலையில் பழைய துணி மூட்டை, கையில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, இடுப்பில் முடிந்த சில்லறை. சாயங்காலம் திரும்பும்போது அதே தலைகளில் முட்டை அட்டைகளும் அரிசி மூட்டையும் வாழைக்காயும் ஏறியிருக்கும். இருநாட்டு வியாபாரிகளும் ஸ்பானிஷும் கிரியோலும் கலந்து பேரம் பேசுவார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் எந்தப் பேரமும் முறிந்ததில்லை. அதே கதவு வழியாக இன்னொரு போக்குவரத்தும் நடக்கிறது. ஜன்னலுக்குப் பதில் கம்பி அடைத்த குடியேற்றத் துறை வண்டிகள் வந்து நிற்கும். கட்டட வேலையிலும் தெருவிலும் வீட்டிலும் பிடிபட்டவர்கள் இறக்கப்பட்டு, பாலத்தின் அந்தப் பக்கம் தள்ளப்படுவார்கள். சம்பளப் பாக்கியை வாங்க நேரமில்லை; பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று சொன்னாலும் காத்திருக்க ஆளில்லை.

2024 அக்டோபரில் அதிபர் லூயிஸ் அபினாடரின் அரசு, வாரத்துக்கு 10,000 பேர் வரை வெளியேற்றப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு முழுவதும் நடந்த வெளியேற்றங்கள் 2,76,000-க்கும் மேல். இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். 2017-ல் டொமினிக்கன் அரசு நடத்திய குடியேறிகள் கணக்கெடுப்பில், ஹைட்டியில் பிறந்து இங்கே வாழ்பவர்கள் 4,97,825 பேர். கணக்கெடுப்புக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் வந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஆண்டில் அத்தனை பேரை அனுப்பிய நாட்டில் கட்டடங்கள் பாதியில் நின்றிருக்க வேண்டும். வாழைத்தார்கள் மரத்திலேயே பழுத்து அழுகியிருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று முதலாளிகள் முணுமுணுத்தது உண்மை. ஆனாலும் சாரம் ஏற ஆள் இருந்தது, தார் வெட்டவும் ஆள் இருந்தது. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. வருவதற்கு ஒருமுறை, பிடிபடாமல் இருக்க ஒருமுறை என்று வழியெங்கும் காசு கொடுத்தபடி வந்தார்கள். வெளியேற்றம் என்ற ஏற்பாடு குடியேற்றத்தை நிறுத்துவதில்லை. குடியேறியின் கூலியைக் குறைக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்: 'சட்டவிரோதக் குடியேறி' எல்லையில் உருவாவதைவிட, பதிவு அலுவலகத்திலும் வேலையிடத்திலும்தான் அதிகம் உருவாக்கப்படுகிறார்.

ஆள் பிடித்தது யார்?

ஹிஸ்பானியோலா என்ற ஒரே தீவில் மேற்கே ஹைட்டி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. எல்லை ஏறத்தாழ 390 கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு நாடுகளையுமே அமெரிக்கப் படை ஆக்கிரமித்திருந்தது. ஹைட்டியை 1915 முதல் 1934 வரை, டொமினிக்கன் பக்கத்தை 1916 முதல் 1924 வரை. கிழக்கே அமெரிக்க முதலீட்டில் சர்க்கரை ஆலைகள் பெருகின, மேற்கே நிலமிழந்த விவசாயிகள் பெருகினார்கள். கரும்பு வெட்ட ஆள் கொண்டுவருவது அப்போதே ஒரு தொழிலாகிவிட்டது. 1952-ல் இரு அரசுகளும் முறைப்படி ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகு, ஒவ்வொரு வெட்டுப் பருவத்துக்கும் ஆயிரக்கணக்கான ஆட்களை அனுப்ப ஹைட்டியின் துவாலியே அரசு தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கியது. வாங்கிக்கொண்ட தரப்பில் டொமினிக்கன் அரசின் சொந்தச் சர்க்கரைக் கழகமே இருந்தது. 1986-ல் துவாலியே ஆட்சி கவிழ்ந்ததோடு அந்த வியாபாரம் முடிந்தது. பிறகு அரசு செய்த வேலையைத் தரகர்கள் செய்தார்கள்.

வந்தவர்கள் தங்கியது 'பதே' எனப்படும் தோட்டக் குடியிருப்புகளில். நம் தேயிலைத் தோட்டத்து லயங்களைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை: வரிசை அறைகள், கம்பெனிக் கடையில் கடன், எடைபோடும் இடத்தில் குறையும் கூலி, பருவம் முடிந்தாலும் ஊர் திரும்ப வழியில்லாத கையிருப்பு. பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள்.

நடுவில் 1937 இருக்கிறது. அந்த அக்டோபரில் சர்வாதிகாரி ரஃபயேல் ட்ருஹியோவின் உத்தரவில், எல்லைப் பகுதியில் வாழ்ந்த ஹைட்டி வம்சாவளியினரை ராணுவம் வெட்டரிவாளால் கொன்று குவித்தது. ஊர் விவசாயிகளே செய்தது போலத் தெரிய வேண்டும் என்பதற்காகத் துப்பாக்கி பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. இறந்தவர் எண்ணிக்கை பல ஆயிரம் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டையில்லை. 20,000 வரை சொல்பவர்கள் உண்டு. ஹைட்டிக்கு 7,50,000 டாலர் இழப்பீடு என்று பேசி, கடைசியில் 5,25,000 டாலராகக் குறைத்துக்கொண்டார்கள். இந்தப் படுகொலையைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் கவனிக்காத விவரம் ஒன்று உண்டு: சர்க்கரைத் தோட்டங்களுக்குள் இருந்த ஹைட்டிக்காரர்கள் பெரும்பாலும் தொடப்படவில்லை. கொல்லப்பட்டவர்கள் எல்லையோரத்தில் சொந்தமாகப் பயிர் செய்து, மாடு வளர்த்து, டொமினிக்கன் குடும்பங்களோடு சம்பந்தம் செய்து, ஊரோடு ஊராகக் கலந்திருந்தவர்கள். தோட்டத்தில் கூலியாக இருந்தவனுக்கு உயிர் மிஞ்சியது, அக்கம்பக்கத்தாராக இருந்தவனுக்கு மிஞ்சவில்லை. அதற்குப் பிந்தைய எழுபது எண்பது ஆண்டுக் கொள்கை இந்த வேறுபாட்டைச் சட்ட மொழியில் எழுதியதுதான் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். அடுத்து வரும் தீர்ப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெட்டிச் செய்தி: எல்லையின் நாட்குறிப்பு
1804: அடிமைகள் போராடி வென்ற நாடாக ஹைட்டி சுதந்திரம் பெறுகிறது.
1822–1844: தீவு முழுவதும் ஹைட்டி ஆட்சி. கிழக்கிலும் அடிமைமுறை ஒழிகிறது.
1844 பிப்ரவரி 27: ஹைட்டியிடமிருந்து டொமினிக்கன் சுதந்திரம்.
1937: எல்லைப் படுகொலை.
1952: கரும்பு வெட்ட ஆள் அனுப்பும் ஒப்பந்தம்.
2010 ஜனவரி 12: ஹைட்டியில் பெரும் பூகம்பம்.
2013 செப்டம்பர் 23: குடியுரிமையைப் பறிக்கும் தீர்ப்பு.
2021 ஜூலை 7: ஹைட்டி அதிபர் ஜோவ்னெல் மோயிஸ் படுகொலை.
2022 பிப்ரவரி: எல்லைச் சுவர் கட்டும் பணி தொடக்கம்.
2023 செப்டம்பர் 15: ஹைட்டி தரப்பில் வெட்டிய கால்வாயைக் காரணம் காட்டி, டொமினிக்கன் அரசு எல்லையை மூடுகிறது.

84 ஆண்டு பின்னால் போன தீர்ப்பு

1984-ல் டொமினிக்கன் மண்ணில், ஹைட்டியிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒரு பெண் பிறந்தார். பிறப்புச் சான்றிதழ் இருந்தது. வளர்ந்த பிறகு அடையாள அட்டை வாங்கப் போனார். அந்த 'செதுலா' இல்லாமல் அங்கே கல்லூரியில் சேர முடியாது, முறையான வேலை கிடையாது, திருமணத்தைப் பதிய முடியாது, தன் குழந்தையின் பிறப்பைக்கூடப் பதிய முடியாது. பெயர் ஹைட்டிப் பெயராக இருக்கிறது என்று அட்டை மறுக்கப்பட்டது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2013-ல் வந்த 168 எண் தீர்ப்பு, அவருக்கு அட்டை இல்லை என்பதோடு நிற்கவில்லை. 1929 ஜூன் வரை பின்னோக்கிப் போய், ஆவணமில்லாத அயல்நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த அத்தனை பேரையும் பதிவேட்டில் தேடிப் பட்டியலிடச் சொன்னது.

நீதிமன்றம் பிடித்துக்கொண்ட நூல் மெல்லியது. 1929 அரசியல் சாசனம், நாட்டில் பிறந்தவர் யாவரும் குடிமக்கள் என்றது. தூதர்களின் பிள்ளைகளுக்கும் வழிப்பயணத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு. வழிப்பயணம் என்றால் 10 நாளுக்குள் கடந்து போவது என்பதே 1939-ன் குடியேற்ற விதி. முப்பது நாற்பது ஆண்டு ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டிய மனிதரை 'வழிப்போக்கர்' என்று கணக்கிட்டால்தான் தீர்ப்பு நிற்கும். அப்படித்தான் கணக்கிட்டார்கள். இதே வாதத்தை அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2005-லேயே நிராகரித்திருந்தது. அந்த நீதிமன்றத்தோடு மேலும் மோதல் வந்தபோது, அதன் அதிகாரத்தை நாடு ஏற்றுக்கொண்டதே செல்லாது என்று 2014-ல் இன்னொரு தீர்ப்பு எழுதினார்கள். 1948-ல் இலங்கை மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய சட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது. தோட்டம் போட்ட நாடுகளுக்குள் இந்த ஒற்றுமை தற்செயலானதில்லை.

தீர்ப்பு எத்தனை பேரைத் தொட்டது? 2012-ன் அரசுக் கணக்கெடுப்பில் ஹைட்டிப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர்கள் 2,09,912 பேர். உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்ததால் 2014 மே மாதம் சமரசச் சட்டம் ஒன்று வந்தது. பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தவர்களுக்குக் குடியுரிமை திரும்பும். பதிவே ஆகாதவர்கள், தாம் பிறந்த நாட்டிலேயே தம்மை அயல்நாட்டவராகப் பதிந்துகொண்டு, இரண்டாண்டு கழித்துக் குடியுரிமை கேட்கலாம். காலில் முள் குத்தியவனிடம் முள்ளின் ரசீதைக் கேட்பதுபோல இருந்தது. தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களிடம் பிறப்புக்குச் சாட்சியம் கேட்டார்கள். கெடுவும் சில மாதங்கள்தான்.

மகப்பேறு வார்டில் குடியேற்ற அதிகாரி

2025 ஏப்ரல் 21 முதல் 33 அரசு மருத்துவமனைகளில் புதிய நடைமுறை. சிகிச்சைக்கு வரும் அயல்நாட்டவர் அடையாள ஆவணம், வேலைச் சான்று, முகவரிச் சான்று காட்ட வேண்டும். இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. முடிந்ததும் குடியேற்றத் துறையிடம் ஒப்படைப்பு. முதல் நாளே கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற பெண்கள், குழந்தைகள் என்று 130-க்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். இப்படி ஒரு வாசல் வைத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. பெண்கள் வலி கண்ட பிறகும் வீட்டிலேயே கிடப்பார்கள். காய்ச்சல் வந்தவர் தொற்றோடு வேலைக்குப் போவார். தொற்று யாரிடமும் அட்டை கேட்காது என்பதால், சுவரின் இந்தப் பக்கத்து டொமினிக்கன் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு.

அரசின் தரப்பு வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. இந்த நடைமுறைக்கு முன் அரசு மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் மூன்றில் ஒன்று ஹைட்டித் தாய்மாருடையது என்று அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் சொன்னது. வரிசையில் நிற்கும் ஏழை டொமினிக்கன் தாய்க்கு எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அந்தப் பிரசவச் செலவு ஏன் அரசின் தலையில் விழுகிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. முறையான வேலையில் இருப்பவருக்கு முதலாளியும் தொழிலாளியும் கட்டும் சந்தாவில் மருத்துவக் காப்பீடு இயங்குகிறது. ஆவணமில்லாத கொத்தனாரை அந்தத் திட்டத்தில் சேர்க்க முடியாது. சேர்க்க முடியாததால் முதலாளிக்குச் சந்தா மிச்சம். கோபுரம் கோபுரமாக எழும் புந்தா கானா விடுதிகளையும் சாண்டோ டொமிங்கோ அடுக்ககங்களையும் கட்டுபவர்கள் மிச்சம் பிடிக்கும் பணத்தைத்தான் அரசு மருத்துவமனை செலவு செய்கிறது. நோயாளியைப் பிடிக்கும் அதிகாரி, அந்த நோயாளியின் புருஷனை வேலைக்கு வைத்த மேஸ்திரியின் வாசலுக்குப் போவதில்லை.

கூலிக் குறைப்பும் இதே கணக்குதான். ஆவணமில்லாதவர் தொழிலாளர் நீதிமன்றம் போக அஞ்சுவார். சம்பள நாளுக்கு முந்தின நாள் குடியேற்ற வண்டி வந்தால் முதலாளிக்கு லாபம். பக்கத்தில் வேலை செய்யும் டொமினிக்கன் தொழிலாளிக்கு இதனால் நன்மை என்று நினைத்தால் தவறு. அவர் போட்டி போடுவது, பேரம் பேசவே முடியாத ஒருவரோடு. அமெரிக்கச் சுங்கத் துறை 2022 நவம்பரில், டொமினிக்கன் நாட்டின் மிகப் பெரிய சர்க்கரை நிறுவனமான சென்ட்ரல் ரொமானாவின் சர்க்கரையைத் துறைமுகத்தில் நிறுத்தியது. கட்டாய உழைப்பின் அடையாளங்கள் தெரிகின்றன என்பது காரணம். 2025 மார்ச்சில் அந்தத் தடை விலக்கப்பட்டது. நூறாண்டுக்கு முன் அமெரிக்க முதலீடு தொடங்கிவைத்த முறையை அமெரிக்கத் துறைமுகம் குற்றம் சாட்டி, இரண்டு சொச்சம் ஆண்டில் மன்னித்தும் விட்டது.

பெட்டிச் செய்தி: மறுபக்கக் கணக்கு
2022-ல் டொமினிக்கன் நாடு ஹைட்டிக்கு விற்ற சரக்கு சுமார் 100 கோடி டாலர். எல்லையை மூடும்போது முதலில் அழுவது தஹபோன் வியாபாரிகள்.
அமெரிக்காவில் வாழும் டொமினிக்கன் வம்சாவளியினர் 20 லட்சத்துக்கும் மேல். வெளிநாட்டு டொமினிக்கன்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் அளவு.
ஹைட்டிக்குள்ளேயே வீடிழந்து அலைபவர்கள் 2025 தொடக்கத்தில் 10 லட்சத்தைத் தாண்டினார்கள்.

'எங்கள் நாடு சின்னது'

டொமினிக்கன் தரப்பில் வைக்கப்படும் வாதங்களில் வலுவானது இதுதான்: ஹைட்டி சீரழிந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை, பணக்கார நாடுகள் கைகழுவிய சுமையை ஒரு கோடிப் பேர் உள்ள நாடு எப்படித் தாங்கும்? நியாயமான கேள்வி. ஹைட்டித் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கையில். 2024-ல் மட்டும் ஹைட்டியில் 5,600-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை சொல்கிறது. ஹைட்டியிடம் பிரான்ஸ் 1825-ல் சுதந்திரத்துக்கு விலையாகப் பிடுங்கிய இழப்பீட்டுக் கடன் தலைமுறைகளைத் தின்றது. அதற்குப் பிரான்ஸும், ஆக்கிரமிப்புக்கு அமெரிக்காவும் கணக்குச் சொல்ல வேண்டியவை. 2010 பூகம்பத்தின்போது முதலில் ஓடிவந்து உதவியது டொமினிக்கன் நாடுதான். ஹைட்டியின் வடக்கே லிமோனாத் நகரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தையே கட்டிக் கொடுத்தது. இவற்றை மறைத்துவிட்டு அந்த மக்களை ஈரமில்லாதவர்கள் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

ஆனால் இந்த வாதம், நேற்று கும்பலுக்குத் தப்பி ஓடிவந்தவரையும் 1984-ல் இங்கேயே பிறந்தவரையும் ஒரே வண்டியில் ஏற்றுவதற்கு விடையாகாது. எல்லையைக் காக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை வைத்து, ஏற்கெனவே கொடுத்த குடியுரிமையை மூன்று தலைமுறை பின்னோக்கிப் போய்ப் பறிக்க முடியாது. புதிதாக வருபவர்களின் வரத்தைக் கட்டுப்படுத்த விரும்பும் அரசு, பழையவர்களுக்கு அட்டை கொடுத்தால்தான் யார் புதியவர் என்று அதற்கே தெரியும்.

அடுத்தது வரலாறு. 1822 முதல் 22 ஆண்டு ஹைட்டி எங்களை ஆண்டது, எங்கள் சுதந்திரமே அவர்களிடமிருந்து பெற்றதுதான் என்பார்கள். அந்த ஆட்சியில் கடும் வரியும் தேவாலயச் சொத்துப் பறிப்பும் இருந்தது மெய். கிழக்கில் அடிமைமுறை ஒழிந்ததும் அதே ஆட்சியில்தான். இந்தப் பழைய காயத்தை ட்ருஹியோ கிளறினார். அவருக்கே தாய்வழிப் பாட்டி மூலம் ஹைட்டி ரத்தம் இருந்தது. அவரிடம் பாடம் படித்து, பின்னர் அதிபரான ஹொவாக்கீன் பலகேர் அதையே அரசியலாக்கினார். இனவெறி என்ற குற்றச்சாட்டைக் கலப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டின் மீது வைப்பது பொருந்தாது என்போருக்கு 1996 அதிபர் தேர்தலை நினைவூட்டலாம். சாண்டோ டொமிங்கோவின் மேயராக இருந்த ஹோசே ஃபிரான்சிஸ்கோ பெஞ்ஞா கோமெஸ், ஹைட்டி வம்சாவளியில் பிறந்து, 1937-ல் பெற்றோரைப் பிரிந்த கைக்குழந்தையாக ஒரு டொமினிக்கன் குடும்பத்தால் வளர்க்கப்பட்டவர். முதல் சுற்றில் முன்னணியில் நின்றார். இரண்டாவது சுற்றில் பலகேரின் கட்சி எதிரணியோடு கைகோத்தது. பெஞ்ஞா கோமெஸ் ஜெயித்தால் நாட்டை ஹைட்டிக்குக் கொடுத்துவிடுவார் என்ற பிரசாரம் ஓடியது. தோற்றார். நிறம் மட்டுமே காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கூலியைக் குறைக்க விரும்பும் முதலாளிக்கு இந்த அச்சத்தைப் போல மலிவான காவல்காரன் வேறில்லை.

ஒஹையோவில் காகிதம் இருந்தும்...

ஆவணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டைக் காட்டலாம். தொழிற்சாலைகள் மூடி, ஆள் குறைந்து, 60,000-க்கும் கீழே இறங்கிய ஒஹையோ நகரம் அது. 2020-க்குப் பிறகு 12,000 முதல் 15,000 ஹைட்டி மக்கள் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோரிடம் தற்காலிகப் பாதுகாப்பு என்ற சட்டபூர்வ அனுமதி இருந்தது. கிடங்குகளிலும் உதிரிபாக ஆலைகளிலும் சம்பளச் சீட்டோடு வேலை, வரிப் பிடித்தம் போகக் கூலி. வாடகை ஏறியது, பள்ளியிலும் மருத்துவமனையிலும் நெரிசல் கூடியது; அந்தப் புகார்கள் மெய்யானவை. 2024 செப்டம்பர் 10 விவாத மேடையில் டொனால்ட் டிரம்ப், அவர்கள் ஊரார் வளர்க்கும் நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்றார். ஆதாரம் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகம் சொன்னது. பின்னாலேயே 30-க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து பள்ளிகள் மூடப்பட்டன. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் மைக் டிவைனே குடியேறிகளுக்காகப் பேச வேண்டியதாயிற்று. மறு ஆண்டு டிரம்ப் நிர்வாகம் அந்த அனுமதியையே முடிக்கப்போவதாக அறிவித்தது.

இரண்டு ஊரையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஸ்பிரிங்ஃபீல்டில் ஆவணம் இருந்தவரை ஆலை முதலாளிகள் வெளிப்படையாக ஆதரவு பேசினார்கள், தொழிலாளியும் வரி செலுத்தும் அண்டை வீட்டாராக இருந்தார். அதனால்தான் அவரை அசைக்க மேலிருந்து ஓர் அரசாணை தேவைப்பட்டது. டொமினிக்கன் தோட்டத்தில் அரசாணைகூடத் தேவையில்லை, மேஸ்திரியின் ஒரு தொலைபேசி போதும்.

எங்கே கை வைக்க வேண்டும்?

டொமினிக்கன் தொழிலாளர் சட்டம், எந்த நிறுவனத்திலும் 80 சதவீதத்தினர் உள்நாட்டவராக இருக்க வேண்டும் என்கிறது. வாழைத் தோட்டங்களிலும் கட்டட வேலையிடங்களிலும் அந்த விகிதம் வெளிப்படையாகவே தலைகீழாக நிற்கிறது. சட்டத்தை அமல்படுத்துகிறோம் என்று சொல்லும் அரசு, இந்தச் சட்டத்தை வைத்து முதலாளிகளிடம் போகலாம். ஒன்று, உள்நாட்டுத் தொழிலாளி வரும் அளவுக்குக் கூலியை உயர்த்து. அல்லது வைத்திருக்கும் ஆளை உன் பெயரில் பதிந்து சந்தா கட்டு என்று சொல்லலாம். கம்பி வண்டிகளை ஓட்டும் செலவை விட இதற்குச் செலவு குறைவு, ஓட்டு மட்டும் கிடைக்காது. 2014-ல் தொடங்கிய முறைப்படுத்தும் திட்டத்தில் ஏறத்தாழ 2,88,000 பேர் தாங்களாகவே முன்வந்து விண்ணப்பித்தார்கள். மறைந்து வாழத்தான் இவர்களுக்கு விருப்பம் என்ற குற்றச்சாட்டுக்கு அந்த வரிசையே பதில். அன்று வழங்கிய அட்டைகளில் பெரும்பகுதி இன்று காலாவதி. புதுப்பிக்கும் வேலை முடங்கிக் கிடக்கிறது. புதுப்பித்தாலே பலர் 'சட்டவிரோதம்' என்ற பட்டியலிலிருந்து இறங்கிவிடுவார்கள்.

இன்னொரு பட்டியலும் அதே அலுவலகத்தில் காத்திருக்கிறது. பிறந்த நாட்டிலேயே தம்மை அயல்நாட்டவர் என்று எழுதிக் கொடுத்துக் குடியுரிமை கேட்டவர்கள் 8,755 பேர். இரண்டாண்டில் முடிக்க வேண்டிய வேலைக்கு முதல் ஆணை 2020-ல் வந்தது; அதில் இருந்த பெயர்கள் 750.